அரை ஏக்கர் ஆசை!

'தாம்பரத்துல இருந்து இருபதே நிமிஷம் சார்! அரை ஏக்கர் தோப்பு, வத்தாத கிணறு, பழைய வீடு. ரிப்பேர் பண்ணிக் குடியிருக்கலாம்... இல்லேன்னா பிளாட் போட்டு வித்துடலாம்!'

முடிச்சூர், மணிமங்கலம், படப்பை பக்கம் இடம் தேடுற அப்பாக்கள்கிட்ட புரோக்கர்கள் அடிக்கிற டயலாக் இது. ரிட்டயர்மென்ட் பணம் மொத்தமும் அதுல இறங்கப் போகுது. அதனால, அப்பாவை பைக்ல வெச்சு சைட் பார்க்கக் கூட்டிட்டுப் போற மக்களே, கொஞ்சம் கவனிங்க!

வீட்டை அப்புறம் பார்த்துக்கலாம். சுவர்ல விரிசலா? பூசிக்கலாம். உத்தரம் உளுத்துப்போச்சா? மாத்திக்கலாம். ரோட்டை உசத்தி உசத்தி வீடு பள்ளமாயிடுச்சா? ஜாக்கி வெச்சு கான்கிரீட் வீட்டையே அப்படியே தூக்குறாங்க நம்ம சென்னையில. ஆனா, அரை ஏக்கரையும் சேர்த்துத் தூக்குற ஜாக்கி, சிவில் படிக்கிற எனக்குத் தெரிஞ்சு கிடையாது!

மேட்டர் என்னன்னா... ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளோட உபரித் தண்ணிதான் அடையாறா சேர்ந்து முடிச்சூர், வரதராஜபுரத்தை ஒட்டி ஓடுது. 2015 டிசம்பர் 1-ம் தேதி காலையில இருந்து 24 மணி நேரத்துல தாம்பரத்துல கொட்டினது 49 செ.மீ. மழை. இந்த ரெண்டு ஊர் ஜனங்களையும் படகு வெச்சுத்தான் மீட்டாங்க. அதனால, புரோக்கர் சொல்றதைக் கேட்கிறதுக்கு முன்னாடி டீக்கடையில கேளுங்க: 'அண்ணே, 2015-ல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?'

அடுத்தது பேப்பர் வேலை. பட்டா, புல வரைபடம் ரெண்டையும் அரசாங்க வெப்சைட்ல நீங்களே பார்க்கலாம். வரைபடத்துல ஓடையோ வாய்க்காலோ குறுக்க வருதான்னு கவனிங்க. பட்டாவுல 'நஞ்சை'ன்னு இருந்தா, புதுசா கட்ட நில உபயோக மாற்றத்துக்கு அனுமதி வாங்கணும். தாய்ப்பத்திரத்தைக் கேளுங்க. முப்பது வருஷத்துக்காவது வில்லங்கம் போட்டுப் பாருங்க. எல்லாத்துலயும் சர்வே நம்பர் ஒத்துப்போகணும்.

'பிளாட் போட்டு வித்துடலாம்'னு சொன்னாரே, அங்கேதான் உஷாரா இருக்கணும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு பண்ணக்கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல ஐகோர்ட் தடை போட்டுச்சு. அப்புறமா 2017-ல வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான். இன்னிக்குத் தோப்பைத் துண்டு போடணும்னா முறைப்படி அனுமதி வாங்கியாகணும். அரை ஏக்கர்னா 50 சென்ட், அதாவது 21,780 சதுர அடி. கிட்டத்தட்ட 9 கிரவுண்டு. இதுல ரோட்டுக்கு விட்டது போக மிச்சம்தான் மனை. 9 கிரவுண்டையும் அப்படியே காசாக்கிடலாம்னு யாராவது கணக்குப் போட்டா நம்பாதீங்க.

கடைசியா ஒண்ணு. சைட் பார்க்க வெயில் காலத்துல கூப்பிடுவாங்க. நீங்க நவம்பர்ல, நல்லா மழை அடிச்ச மறுநாள் போங்க. அப்பாவோட செக்கை அதுவரைக்கும் பீரோவுலயே வெச்சுப் பூட்டுங்க பாஸ்!