தாராவியின் குரலும் தாராவியின் நிலமும்

மும்பையின் ஆண்டாப் ஹில்லுக்குக் கிழக்கே வடாலாவின் உப்பளங்கள். மேற்கே இரண்டு இரயில் பாதைகளைக் கடந்தால் தாராவி. தோல் பதனிடும் தொழிலுக்காக நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிகளின் பேரப்பிள்ளைகள் வாழும் நிலப்பரப்பு இது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, காவல் நிலையத்தில் மராத்தி, வேலை தேடிப் போகுமிடத்தில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளுக்கிடையே அந்தப் பிள்ளைகள் வளர்கிறார்கள். 2010களின் தொடக்கத்தில் தாராவியில் உருவான 'டோப்பாடெலிக்ஸ்' என்னும் ராப் இசைக்குழுவின் பாட்டில் இந்த நான்கு மொழிகளும் ஒலிக்கின்றன. அக்குழுவின் ஓசை கடந்து வந்த பாதையை, ரசனை மாற்றத்தின் கதையாக மட்டும் படிப்பது போதாது. யாரை நோக்கிப் பேசுவது என்ற கேள்விதான் ஒவ்வொரு கட்டத்திலும் அதன் மொழியையும் ஓசையையும் தீர்மானித்திருக்கிறது.

தாளத்திற்கேற்பச் சொற்களை அடுக்கி விரைந்து உரைக்கும் ராப் வடிவம், 1970களில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்களிடையே பிறந்தது. பெருஞ்சாலை அமைப்பதற்காகக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, வேலையும் வசதியும் பறிபோன பகுதி அது. அந்த ஓசை தாராவியின் சந்துகளை எட்டியபோது, முதலில் அதன் புறத்தோற்றமே பின்பற்றப்பட்டது. ஆங்கிலச் சொற்களும் அமெரிக்கப் பாவனைகளும் மேலோங்கியிருந்தன. குழுவின் பெயரிலேயே போதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இருக்கிறது. இதைக் கண்டு முகஞ்சுளித்தவர்கள் பலர். ஆனால், ஊருக்குள் எவரும் காது கொடுக்காத இளைஞன், தொலைதூரத்து உலகத்தை நோக்கிப் பேசிப் பார்ப்பது இயல்பேயாகும்.

அடுத்த கட்டத்தில் முகவரி மாறியது. 'ஆயி ஷபத் சாஹேப், மீ நவ்தோ' என்ற அவர்களது பாடலின் தலைப்பு மராத்தியில் அமைந்தது. 'தாய் மீது ஆணை, ஐயா, நான் அங்கு இல்லை' என்பது அதன் பொருள். சேரியில் வாழ்கிறான் என்பதற்காகவே சந்தேகத்திற்கு ஆளாகி, காவலர் முன் நிறுத்தப்படும் இளைஞனின் மன்றாட்டு அது. அதிகாரம் எந்த மொழியில் அதட்டுகிறதோ, அந்த மொழியிலேயே பதில் சொல்லும் கலை அங்கே பிறந்தது. இந்தி அண்டைச் சந்துகளோடு உரையாடவும், தமிழ் பெற்றோருக்கும் பூர்வீக ஊருக்கும் செய்தி சொல்லவும் பயன்பட்டன. இரவல் ஓசை இவ்வாறு படிப்படியாகச் சொந்த ஓசையாயிற்று.

திரைக்கு வந்த முழக்கம்

2018இல் பா. இரஞ்சித் இயக்கிய 'காலா' திரைப்படம் தாராவி நிலத்தைப் பற்றியது. தூய்மையின் பெயராலும் மறுசீரமைப்பின் பெயராலும் மக்களை அகற்ற முனையும் அரசியல்வாதியை அம்மக்கள் எதிர்ப்பதே கதை. சந்தோஷ் நாராயணன் இசையில் 'போராடுவோம்', 'தெருவிளக்கு', 'நிக்கல் நிக்கல்' முதலிய பாடல்களில் டோப்பாடெலிக்ஸ் குழுவினரின் குரல் ஒலித்தது. அதே படத்தின் 'உரிமையை மீட்போம்' பாடலை அறிவு எழுதினார். ஏளனமாகப் பார்க்கப்பட்ட மும்பைத் தமிழ், தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் தலைநிமிர்ந்து நின்றது. இது சிறிய சாதனை அன்று.

ஆனால் முரண்பாடும் உடன்வந்தது. அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் பாடல்கள் வெளியாயின. மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. 13 பேர் உயிரிழந்தனர். மே 30 அன்று அங்கு சென்றுவந்த 'காலா'வின் நாயகர் ரஜினிகாந்த், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்ற கருத்தை வெளியிட்டார். ஜூன் 7 அன்று படம் திரைக்கு வந்தது. போராடச் சொல்லும் பாட்டை விற்பனைச் சரக்காக ஏற்றுக்கொள்ளும் தொழில்துறை, அந்தப் பாட்டின் பொருளுக்குப் பொறுப்பேற்பதில்லை என்பதை அந்தச் சில வாரங்கள் காட்டிவிட்டன.

மறு ஆண்டு வெளிவந்த 'கல்லி பாய்' இந்தித் திரைப்படம் மும்பையின் சந்து ராப்பை நாடெங்கும் பரப்பியது. அதில் இடம்பெற்ற 'ஆசாதி' பாடலின் முந்தைய வடிவம், 2016இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் போராட்டத்தில் எழுந்த முழக்கங்களைக் கொண்டு இயற்றப்பட்டது. திரைப்படத்தில் வறுமையும் பசியும் எஞ்சின. மனுவாதத்தின் பெயரும் சங்கவாதத்தின் பெயரும் காணாமற் போயின. இவ்வாறு பல் பிடுங்கப்பட்டதால்தான் பாரதிய ஜனதா கட்சியே 2019 தேர்தலையொட்டி அந்தப் பாடலின் மெட்டைத் தன் பரப்புரைக்கு எடுத்துக்கொள்ள முடிந்தது.

பணத்தின் கணக்கும் இதே திசையில் செல்கிறது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத் தொகையில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கை 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் வழங்குகிறது. எனினும் 2021இல் வெளியாகிப் பல கோடி முறை பார்க்கப்பட்ட 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலிலிருந்து தங்களுக்கு எந்த வருவாயும் வந்து சேரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகக் கூற நேர்ந்தது. பெயர்பெற்ற இசையமைப்பாளருக்கே இந்த நிலை என்றால், சங்கமும் வழக்கறிஞரும் இல்லாத சந்துப் பாடகனின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டு வளர்ந்த நிலம்

சந்தின் ஓசையைச் சந்தை தேடிவந்த இதே ஆண்டுகளில்தான் சந்தின் நிலத்தையும் பெருமூலதனம் தேடி வந்தது. 2022 நவம்பரில் ரூ.5,069 கோடி ஒப்பந்தப்புள்ளியின் வாயிலாகத் தாராவி மறுசீரமைப்பு அதானி குழுமத்தின் கைக்குச் சென்றது. திட்ட நிறுவனத்தில் 80 விழுக்காடு அக்குழுமத்துக்கும் 20 விழுக்காடு மாநில அரசுக்கும் உரியவை. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதை நிறுவுவோருக்கே தாராவிக்குள் இலவச வீடு. அதற்குப் பின் வந்தோருக்கும் மேல்தளங்களில் வாழ்வோருக்கும் தாராவிக்கு வெளியே இடம் காட்டப்படுகிறது. இதற்கென காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் உப்பள நிலங்களும், தேவ்னார் குப்பைக்கிடங்கின் நிலமும் ஒதுக்கப்பட்டுள்ளன.

மாடிப்படியாக இரும்பு ஏணியைக் கொண்ட அந்த மேல்தள அறைகளில்தான் வாடகைக் குடும்பங்கள் வாழ்கின்றன, இளைஞர்கள் வளர்கிறார்கள். தமிழர் வீட்டை ஒட்டி உத்தரப்பிரதேசத்துக்காரரின் தையற்கூடம், அதற்கடுத்து மராத்தியரின் வீடு என்ற நெருக்கம்தான் நான்கு மொழி ஓசையின் விளைநிலம். அம்மக்களைத் தகுதியுடையோர், தகுதியற்றோர் என்று பிரித்து நகரின் விளிம்புகளுக்குச் சிதறடித்தால், வீட்டோடும் தொழிலோடும் அந்தக் கூட்டுக் குரலும் சிதறும். பிராங்க்ஸ் இடிபாட்டிலிருந்தும் இசை பிறந்ததே என்று சிலர் ஆறுதல் கூறக்கூடும். பாட்டு பிறக்கட்டும் என்பதற்காக மக்கள் இடிபாட்டில் வாழ வேண்டும் என்று கோர எவருக்கும் உரிமையில்லை. தாராவி இன்றிருப்பது போலவே இருக்க வேண்டும் என்பதும் கோரிக்கையன்று. கழிப்பறையும் குடிநீரும் காற்றோட்டமும் உள்ள வீடு ஒவ்வொருவருக்கும் வேண்டும். அது வாழ்ந்த இடத்திலேயே, தொழிலோடு சேர்த்து வேண்டும்.

இங்கே வரலாற்றை நினைவுகூர்வது தகும். தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வாழ்ந்த தலித் தொழிலாளி அண்ணாபாவ் சாத்தே, கம்யூனிஸ்ட் இயக்கத்தில் வார்க்கப்பட்டார். மராத்தியரின் பழைய போவாடா என்னும் வீரப்பாடல் வடிவத்தை எடுத்து ஸ்டாலின்கிராடு போரைப் பாடினார். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் 'லால் பாவ்டா கலாபதக்' என்ற செங்கொடிக் கலைக்குழுவைக் கட்டினார். மன்னர் புகழ் பாடிய வடிவம் ஆலைத் தொழிலாளியின் வடிவமாயிற்று. 'ஸ்வதேசி' ராப் குழுவினர் ஆரே வனத்தின் வார்லிப் பழங்குடியினருக்காகப் பாடியபோது, 1945இல் கோதாவரி பருலேகர் வழிநடத்திய வார்லி எழுச்சியின் எதிரொலி அதில் கேட்டது. வடிவம் எங்கிருந்து வந்தது என்பது இரண்டாவது கேள்வி. யாருக்காகப் பாடுகிறது என்பதே முதற்கேள்வி.

ஆகவே இடதுசாரிப் பண்பாட்டு இயக்கம் இரண்டு மனப்பான்மைகளைக் கைவிட வேண்டியிருக்கிறது. ஒன்று, ராப்பை அமெரிக்கச் சீரழிவு என்று ஒதுக்குவது. மற்றொன்று, திரையில் வந்தபின் கைதட்டி, அத்துடன் அமைவது. மும்பையில் மே தின மேடையும், ஆகஸ்டு 1 அன்று வரும் அண்ணாபாவ் சாத்தே பிறந்தநாள் மேடையும் இந்த இளைஞர்களுக்குத் திறக்கப்பட வேண்டும். அவர்களுடைய பாட்டில் உள்ள போதைப் பெருமிதத்தையும், பெண்களைக் குறித்துச் சில ராப் பாடல்களில் ஒலிக்கும் இழிசொற்களையும் தோழமையோடு விமர்சிக்கும் உரிமை, உடன் நிற்பவர்களுக்கே உண்டு. ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்லவும் உரிமைத் தொகையைக் கேட்டுப் பெறவும் தொழிற்சங்க அனுபவம் அவர்களுக்குத் துணையாக வேண்டும்.

தாராவியில் அனைவருக்கும் அதே இடத்தில் வீடு என்ற கோரிக்கையோடு எதிர்க்கட்சிகளும் குடியிருப்போர் அமைப்புகளும் தெருவில் இறங்கியிருக்கின்றன. கணக்கெடுப்பு அலுவலர் கதவைத் தட்டும்போது, மேல்தளத்து வாடகைக் குடும்பத்தின் பெயரும் ஏட்டில் ஏற வேண்டும். அக்குடும்பம் அங்கே நிலைத்தால், அங்கே வளரும் பிள்ளை அடுத்து எந்த மொழியில், யாரை நோக்கிப் பாடுவது என்பதைத் தானே முடிவு செய்துகொள்ளும்.