பசுவின் ஏப்பமும் தீவனக் கணக்கும்

பசுவின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அது ஏப்பமாய் வெளியேறுகிறது. தீவனச் சக்தியில் நூற்றுக்கு 2 முதல் 12 பங்கு வரை இவ்வாறு வீணாவதோடு, உலகின் வெப்பமும் மிகுகிறது.

1882-இல் தன் முதற் கூட்டுறவுப் பாற்பண்ணையைக் கண்ட டென்மார்க்கில் 750 பசுக்களை ஆராய்ந்தனர். 2018-இல் வெளியான முடிவின்படி, பசுவுக்குப் பசு காணும் மீத்தேன் வேறுபாட்டில் நூற்றுக்கு 21 பங்கு பரம்பரையைச் சார்ந்தது. 13 பங்கு நுண்ணுயிர்களைச் சார்ந்தது. இவ்விரண்டும் பெரும்பாலும் தனித்தனியே இயங்குவன. நுண்ணுயிர்க் கூட்டமோ தீவனத்தால் மாறுவது. ஆகவே நல்ல பொலிகாளை மட்டும் போதாது. நல்ல தீவனமும் வேண்டும்.

கனடாவில் 2023 முதல் ஹோல்ஸ்டீன் இனத்துக்கு மீத்தேன் மதிப்பீடு வெளியாகிறது. பால் மாதிரிகளின் சோதனையே அதற்கு ஆதாரம். தனி ஒருவரால் ஏப்பத்தை அளக்க இயலாது. பலர் கூடிப் பதிவேடு வைத்தால் இயலும் என்பதற்கு இது சான்று.

எனினும், வாயுவைக் குறைக்கும் பொருட்டுப் பாலும் சினைப்பிடிப்பும் நோய் எதிர்ப்பும் குன்றிய இனத்தை ஏற்கலாகாது. பயன் உலகுக்கெல்லாம் உரியது. செலவு மட்டும் ஒற்றைப் பசு உடையவர் தலையில் விழுதல் நியாயமன்று. அதனைப் பொதுநிதியே ஏற்க வேண்டும்.

மாடு வளர்க்கும் அங்கத்தினர் செய்யத்தக்கது ஒன்றுண்டு: கன்று ஈன்ற நாள், பால் அளவு, சினைக்கு இட்ட காளையின் எண் ஆகியவற்றைத் தவறாது குறித்து வருக. பதிவின்றித் தேர்வு இல்லை.