கோனோகார்பஸ் மர அகற்றமும் மகரந்த ஒவ்வாமையும்: சங்கத்தின் நிலைப்பாடு

சாலை நடுத்திட்டுகளிலும் பூங்காக்களிலும் நின்ற கோனோகார்பஸ் மரங்கள் வெட்டப்பட்டது பற்றி உறுப்பினர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெட்டியவர்கள் ஆஸ்துமா நோயாளிகளான நம் பெயரைச் சொன்னார்கள். எதிர்த்தவர்களும் நம் கையெழுத்தைக் கேட்டு வந்தார்கள். செயற்குழுவில் எல்லா அம்சங்களிலும் ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. எட்டப்பட்டதைப் பதிவு செய்கிறோம்.

தெலங்கானா 2022-லும் குஜராத் 2023-லும் எடுத்த முடிவைத் தமிழ்நாடு அரசு 2025-இல் எடுத்தது. இம்மரத்தைப் புதிதாக நடக் கூடாது என்ற அந்தத் தடையைச் சங்கம் வரவேற்கிறது. குழாய்களையும் வடிகால்களையும் வேர் துளைக்கிறதா என்பதைப் பொறியாளர்கள் சொல்லட்டும். ஏற்கெனவே நிற்கும் மரங்களை உடனே அகற்ற வேண்டும் என்று உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் வலியுறுத்தினர். அக்கருத்தைச் சங்கம் மதிக்கிறது. எனினும் மாற்று மரங்கள் ஓரளவு வளர்ந்தபின் படிப்படியாக அகற்றுவதே உகந்தது என்பது பெரும்பான்மைக் கருத்து.

ஆனால் ஒன்றைப் பூசி மெழுகாமல் சொல்லியாக வேண்டும். நம் ஊர்க் காற்றில் எந்த மாதம் எந்த மகரந்தம் எவ்வளவு இருக்கிறது என்று இன்றுவரை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. இந்த மரத்தின் மகரந்தம் நம்மில் எத்தனை பேருக்கு ஒவ்வாது என்று தோலில் குத்திச் சோதித்துப் பார்த்தவர்களும் இல்லை. எண்ணாமல், சோதிக்காமல், நம் பிள்ளைகளின் இளைப்பைக் காரணம் காட்டி இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

எண்ணுவது முடியாத காரியம் அல்ல. மொட்டை மாடியில் ஒரு சிறு கருவியை வைத்தால் போதும். அது நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை ஒரு மெல்லிய பிளவு வழியே உள்ளிழுக்கும். உள்ளே பசை தடவிய பட்டை சுற்றிய உருளை மணிக்கு 2 மில்லிமீட்டர் வீதம் நகர்ந்துகொண்டே இருக்கும். காற்றில் வந்த துகள்கள் அதில் ஒட்டும். 7 நாள் கழித்துப் பட்டையை எடுத்து, நாளுக்கொரு துண்டாக வெட்டி, சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், திங்கட்கிழமை காலை புல்லின் மகரந்தம் கூடியதா, செவ்வாய் மாலை சவுக்கின் மகரந்தம் கூடியதா என்று மணி வாரியாகச் சொல்லிவிடலாம். தாவரவியல் துறை உள்ள எந்தக் கல்லூரியும் இதைச் செய்யலாம். சண்டிகரில் மருத்துவர்களும் தாவரவியலாளர்களும் சேர்ந்து 2022-இல் அந்நகருக்கு ஒரு மகரந்த நாட்காட்டியே வெளியிட்டார்கள். நமக்கு மட்டும் ஏன் இல்லை? காற்றின் தரம் அளக்கும் நிலையம் இருக்கிறதே என்று நமக்குப் பதில் சொல்லப்பட்டது. அந்த நிலையம் தருவது 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசியின் கணக்கு. பெரும்பாலான மகரந்தத் துகள்கள் அதைவிடப் பெரியவை. இது தெரியாமல் சொன்ன பதிலா, தெரிந்தே சொன்ன பதிலா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

எண்ணினால் என்ன தெரியவரும் என்பதை முன்கூட்டியே சொல்லச் சங்கம் விரும்பவில்லை. ஆனால் மகரந்த ஒவ்வாமைக்குக் காரணம் என இந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்டவை பார்த்தீனியம், சீமைக்கருவேல், ஆமணக்கு, முள்ளுக்கீரை, அறுகு ஆகியவை. இவற்றுக்கு எதிராக இயந்திரம் எதுவும் வரவில்லை. மரங்கள் போன நடுத்திட்டைப் போய்ப் பாருங்கள்: வெட்டிய அடிக்கட்டைகளைச் சுற்றி, கிளறிப்போட்ட மண்ணில், இப்போதே முழங்கால் உயரத்துக்குப் பார்த்தீனியம் வெள்ளைப் பூவோடு நிற்கிறது. முளைத்த சில வாரங்களிலேயே பூத்து, ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும் களை அது. ஒவ்வாமையைத் தடுக்கிறோம் என்று சொல்லி நமக்குத் தந்திருப்பது இதுதான். இதைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. (இந்த வாக்கியத்தை ‘வருத்தத்துடன் சுட்டிக்காட்டுகிறது’ என மாற்றலாம் என்ற யோசனை செயற்குழுவில் ஏற்கப்படவில்லை.)

மருத்துவம் குறித்து: மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது ஆண்டு முழுவதும் கிடைக்க வேண்டும். தும்மலோடு வருகிறவருக்குத் தூக்கம் வரவைக்கும் மாத்திரையை மட்டும் தந்து அனுப்பும் வழக்கம் முடிய வேண்டும். பருவம் தோறும் போடப்படும் நீண்டநாள் ஸ்டீராய்டு ஊசியை மகரந்த ஒவ்வாமைக்குச் சங்கம் ஆதரிக்கவில்லை.

நகர நிர்வாகத்திடம் நம் கோரிக்கைகள்: வெட்டிய இடங்களில் பார்த்தீனியத்தை விதை உதிர்க்குமுன் வேரோடு அகற்றுதல், மகரந்தக் கணக்கெடுப்பை உடனே தொடங்குதல், இனி ஒவ்வாமையைக் காரணம் காட்டி எந்த மரத்தை வெட்டுவதானாலும் நடுவதானாலும் முதலில் அந்தக் கணக்கை வெளியிடுதல். இயன்றவரை காலவரையறையுடன் பதில் தருமாறும் கேட்டிருக்கிறோம். வேம்பும் புங்கமும் நடுவது பற்றிய பரிந்துரையை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துள்ளோம்.

உறுப்பினர்களுக்கு: மரம் போய்விட்டது என்று நம்பி இன்ஹேலரையோ ஸ்பிரேயையோ தாமாக நிறுத்த வேண்டாம். ஸ்பிரே முழுப் பயன் தரச் சில நாட்கள் பிடிக்கும். தும்மல் தொடங்கும் பருவம் தெரிந்தவர்கள் மருத்துவரைக் கேட்டு முன்கூட்டியே தொடங்குங்கள். களை பிடுங்கும் வேலைக்கு நம் நோயாளிகள் யாரும் இறங்கக் கூடாது. தும்மல், இளைப்பு வந்த நாளையும் நேரத்தையும், அன்று அருகில் என்ன பூத்திருந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி, பொதுக்குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

செயற்குழுவுக்காக,
தலைவர், செயலாளர்