மறைத்த நோயும் உரைத்த வாயும்

1974 செப்டம்பர் 28 அன்று, அமெரிக்க அதிபர் ஜெரால்டு ஃபோர்டின் துணைவியார் பெட்டி ஃபோர்டுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை நடந்தது. கணவர் பதவியேற்று அப்போது ஏழு வாரமே ஆகியிருந்தது. ஆள்வோர் இல்லத்து நோயை மூடி மறைப்பதே அரசியலின் பழைய வழக்கம். பெட்டி அதற்கு இசையவில்லை. நோயின் பெயரையும் நீக்கப்பட்ட உறுப்பின் பெயரையும் நாடறியச் செய்தார். கேட்ட மகளிர் தம்மைத் தாமே சோதித்தனர், மருத்துவரை நாடினர். துணை அதிபர் பதவிக்கு முன்மொழியப்பட்டிருந்த நெல்சன் ராக்ஃபெல்லரின் மனைவி ஹாப்பிக்கும் மறுமாதமே கட்டி கண்டறியப்பட்டு அறுவை நடந்தது. அந்நாட்டின் நோய்க்கணக்கில் எண்ணிக்கை திடுமென ஏறியது. அதுவரை அறியப்படாதிருந்த நோய் அப்போதுதான் கணக்கில் வந்தது.

புகழ் பெற்றவர் பேசினால் ஊர் கேட்கும் என்பதில் வியப்பில்லை. அதே ஆண்டில் புகழ் ஏதுமற்ற ஒருத்தி பேசியதே நம் கருத்தில் மேலும் பெரிது. மேரிலாந்து மாநிலத்து இதழாளர் ரோஸ் குஷ்னர் தம் மார்பில் கட்டியைக் கண்டார். அந்நாளைய நடைமுறை கொடியது. மயக்கமருந்து தந்து கட்டியை எடுப்பர். நோயாளி உணர்வின்றிக் கிடக்கையிலேயே அதனைச் சோதிப்பர். புற்று எனில் அப்போதே மார்பகம் முழுவதையும் நீக்குவர். கண்விழித்துக் கட்டுத்துணியைத் தடவிப் பார்த்தே அவள் தன் நிலையை அறிவாள். குஷ்னர் மறுத்தார். முதலில் சோதனை, பிறகு தம் ஒப்புதலோடு சிகிச்சை என்றார். அதற்கு உடன்படும் மருத்துவரைத் தேடி அலைய நேர்ந்தது. பட்டதையெல்லாம் 1975இல் நூலாக எழுதினார். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. சோதனையையும் சிகிச்சையையும் பிரித்தே செய்ய வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது.

நோயிலிருந்து மீண்டவர் சொல்லை ஆறுதல் மொழியாக மட்டும் கொள்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அது சான்று, மருத்துவத்தையே திருத்த வல்ல சான்று.

இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கே. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் நிறுவினார். இத்தனை காலம் கடந்தும் நம் பெண்களில் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனை வாயிலை மிதிக்கின்றனர். தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாததை நோயென்று எவர் எண்ணுவர்? ஆண் மருத்துவரிடம் காட்ட நாணம், மகள் திருமணம் முடியட்டும் என்னும் தயக்கம், வெளியே தெரிந்தால் குடும்பத்துக்குப் பழி என்னும் அச்சம், இவை எஞ்சிய காலத்தையும் விழுங்குகின்றன.

ஆகவே மீண்டவர் மேடையேறும்போது வெற்றிப் பரணியை நாம் எதிர்நோக்கக் கூடாது. அக்டோபர் தோறும் இளஞ்சிவப்பு நாடா அணிந்து கைதட்டிக் கலைவதில் எவருக்கும் பயனில்லை. கட்டியைக் கண்டபின் எத்தனை மாதம் வாளாவிருந்தார், தோல் குழிந்ததையும் காம்பு உள்ளிழுத்ததையும் எப்போது கவனித்தார், தடுத்தவர் யார், எந்த நகை அடகுக்குப் போனது, அக்குள் நெறிக்கட்டிகளை நீக்கிய பின் கை வீங்கியதா என்பனவற்றை அவர் சொல்லட்டும். கேட்பவள் தன் உடலோடு ஒப்பிட்டுப் பார்க்க இவையே உதவும். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

ஆனால் கேட்டவள் அஞ்சி எழுந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், அங்கே அவளுக்கு என்ன காத்திருக்கிறது? சோதிக்கப் பெண் செவிலியர் வேண்டும். மறைவான அறை வேண்டும். திசுப் பரிசோதனைக்கு அலைக்கழியா வழி வேண்டும். கட்டியோடு வந்த நாள் முதல் சோதனை முடிவு கைக்குக் கிடைக்கும் நாள் வரை எவ்வளவு காலம் செல்கிறது என்பதை அரசு மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடட்டும். அக்கணக்கைச் சரிபார்க்கும் குழுவில் நோயிலிருந்து மீண்ட பெண்களுக்கும் இடம் தரப்படட்டும்.