பெண்ணில்லாத பஞ்சாயத்து

சினிமா என்றாலே கண்டித்து எழுதுவதுதான் நமது வழக்கம். ஆனால் தீபா தன்ராஜ் அம்மையார் 2011-ல் வெளியிட்ட 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' என்னும் ஆவணப்படத்தைச் செட்டிநாட்டுத் தோழர்கள் ஒவ்வொருவரும் மனைவி மக்களோடு பார்க்கவேண்டும் என்கின்றோம். அதில் நடிகருமில்லை, பாட்டுமில்லை. நமக்கு அடுத்த புதுக்கோட்டையில் 2004-ல் ஷரீபா அம்மையார் முதலிய முஸ்லீம் பெண்கள் துவக்கிய பெண்கள் ஜமாத்தின் வேலைதான் படம்.

கலியாணம், தலாக், வரதட்சணை முதலிய வழக்குகளை ஆண்கள் ஜமாத்தே தீர்த்து வந்தது. வழக்கோ பெண்ணுடையது, அவளோ அங்கு போய் வாய் திறக்கக்கூடாது. அடித்தவனும் ஆண், சாட்சியும் ஆண், தீர்ப்புச் சொல்லுகிறவனும் ஆண் என்றால் அந்த நியாயம் எந்த லட்சணத்தில் இருக்கும்? ஆகவே, அடுப்படியில் அழுது கிடந்த வழக்குகளை இப்பெண்கள் கையில் எடுத்தார்கள். புருஷன் வீட்டாரைக் கேள்வி கேட்டார்கள், போலீசுக்கும் போனார்கள். முத்தலாக் செல்லாதென்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது 2017-ல்தான். இவர்கள் அதற்கு 13 வருஷம் முந்தியே துணிந்துவிட்டார்கள்.

"அவர்கள் குர்ஆனைக் காட்டியல்லவா வாதாடுகிறார்கள்? பகுத்தறிவுக்காரருக்கு அங்கென்ன வேலை?" என்று சில தோழர்கள் கேட்கலாம். வேத ஆதாரம் எதையும் நாம் ஒப்புகிறவர்களல்லர். ஆனால் உதைபட்டு வந்து நிற்கும் பெண்ணிடம், முதலில் மதத்தை விட்டுவிட்டு வா, பிறகு நியாயம் பேசலாம் என்று சொல்லுகிறவன் பகுத்தறிவுவாதியல்ல, சோம்பேறியே ஆவான்.

நிற்க, இது முஸ்லீம்கள் சமாசாரம்தானே என்று நம்மவர் சிரித்துக்கொள்ள வேண்டாம். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கல்பட்டு மகாநாட்டில் தீர்மானம் செய்தோம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கென்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல். அறுபது வருஷம்! வந்தும் என்ன? காரைக்குடிப் பக்கம் பாகப்பிரிவினை நடக்கும்போது ஆண்கள் முகப்பில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பெண்கள் இரண்டாங்கட்டில் காப்பி ஆற்றுகிறார்கள். முடிவில், "உனக்குத்தான் வெள்ளியும் வைரமுமாகச் சீர் செய்தாயிற்றே" என்று சொல்லி, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக் கொள்கிறார்கள். பத்திரத்தைப் படித்துக் காட்டுகிற வீடு எத்தனை? நமது இயக்கத் தோழர்கள் வீட்டையும் சேர்த்தே கேட்கின்றோம்.

புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். நம் வீட்டுப் பெண்கள் இரண்டாங்கட்டிலிருந்து முகப்புக்கு வர இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ?