எரிபொருளும் எட்டேகால் மணிப் பேருந்தும்

பெட்ரோலைச் சிக்கனமாகச் செலவிடுவது எப்படி என்று அறிவுரை கூறுவோர்க்கு நம்மிடையே பஞ்சமில்லை. 1978இல் மைய அரசு நிறுவிய பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் செல்க, சக்கரத்தின் காற்றைச் சரிபார்க்க, சிக்னலில் எஞ்சினை அணைக்க என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. யாவும் மெய்யே. ஆனால் தேநீர்க் கடையிலும் ஊழியர் அறையிலும் நாம் கேட்கும் அறிவுரைகள் வேறு. அவற்றுள் சில பொய். ஒன்று உயிரைப் பறிக்கும் பொய்.

மலையிறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடுவதும், எஞ்சினையே அணைத்துவிட்டு உருண்டு வருவதுமே அது. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் இறங்குவோரில் இதை ஒரு திறமையாகவே பேசிக்கொள்வோர் உளர். கார்புரேட்டர் இருந்த காலத்தில் இதனால் சிறிது மிஞ்சியிருக்கலாம். இன்றைய கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை முற்றும் விட்டுவிட்டால் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். எரிபொருள் பாய்வது நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் தானே சுழன்றாக வேண்டும்; ஆதலால் அது குடித்துக்கொண்டே இருக்கும். சிக்கனம் என்று நினைத்துச் செய்வது செலவாகிறது. எஞ்சினை அணைத்தவருக்கு நேர்வது இன்னும் கொடிது: பிரேக்குக்குத் துணைநிற்கும் விசை நாலைந்து மிதியில் தீர்ந்துபோகும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் கட்டை போல் நிற்கும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பதை நினைவிற் கொள்க.

விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் அடர்த்தி மிகுந்து கூடுதலாகக் கிடைக்கும் என்பது மற்றொன்று. பங்குகளில் எண்ணெய் இருப்பது மண்ணுக்கடியில். அங்கே காலை ஆறு மணிக்கும் நண்பகலுக்கும் வெப்பத்தில் பெரிய வேறுபாடில்லை. உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டதே மிச்சம்.

மெய்யான சிக்கனம் வலக்கையிலும் வலக்காலிலும் இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவது. அறுபதில் செல்பவர் எண்பதுக்கு ஏறினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. காற்றின் தடையோ ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிடுகிறது. நகருக்குள் பகைவன் காற்றன்று, பிரேக். தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்தும் முறுக்கிக்கொண்டு போய் அருகில் மிதித்து நிறுத்துபவர், தாம் விலைகொடுத்து வாங்கிய வேகத்தை அப்படியே சூடாக்கிக் காற்றில் விடுகிறார். ஊர்தி என்னும் சொல் ஊர்தலிலிருந்து வந்தது. ஏறிச் செலுத்துவதற்கும் மெல்ல நகர்வதற்கும் ஒரே வினையை வைத்தனர் நம் முன்னோர். (மைலைக் கைவிட்டு அரை நூற்றாண்டு கடந்தும் நாம் ‘மைலேஜ்’ கேட்டுத்தான் வண்டி வாங்குகிறோம் என்பது வேறு கதை.)

இவ்வளவும் கடைப்பிடித்தாலும் ஒருவர் ஒரு வண்டியில் செல்வது மாறப்போவதில்லை. கணக்கை எண்ணிப் பாருங்கள். நகரப் பேருந்து ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் ஐம்பது பேர் இருந்தால் ஆளுக்கு லிட்டருக்கு 250 கிலோமீட்டர். தனியாளாகச் செல்லும் மோட்டார் சைக்கிள் எத்துணை மென்மையாக ஓட்டப்பட்டாலும் அதன் அருகே வராது. கார் பேச்சே வேண்டாம்.

இங்கேதான் கல்லூரி வாயிலில் நாம் நாள்தோறும் காண்பதைச் சொல்லியாக வேண்டும். தமிழகத்தில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. ஆயினும் இருபது கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் மாணவியர் பலர் தவணையில் வாங்கிய ஸ்கூட்டரில்தான் வருகின்றனர். நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டர், லிட்டருக்கு ஐம்பது, லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் மாதம் 25 நாளுக்கு இரண்டாயிரம் ரூபாய், தவணை தனி. இலவசத்தை விட்டுவிட்டு இதை ஏன் சுமக்கிறார்கள்? பகட்டு என்று சொல்லும் நண்பர்களோடு நாம் உடன்படவில்லை. எட்டேகால் மணிப் பேருந்தில் படிக்கட்டு வரை கூட்டம். அடுத்தது வருவது ஒன்பதேகாலுக்கு. முதல் வகுப்போ ஒன்பதரைக்கு. ஒரு பேருந்தைத் தவறவிட்டால் வருகைப் பதிவு போகும், வருகை குறைந்தால் தேர்வு போகும். தேர்வைக் காப்பதற்குக் கட்டும் காப்பீட்டுத் தொகையே அந்த இரண்டாயிரம்.

மின்ஸ்கூட்டர் இருக்கிறதே என்பர். ஒசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அவை ஆயிரக்கணக்கில் உருவாகின்றன, நல்லதே. பெட்ரோல் மிஞ்சும். ஆனால் தவணை மிஞ்சாது, நெரிசலும் குறையாது.

ஆகவே சிக்கனம் பற்றிய பேச்சை ஓட்டுநரின் வலக்கையோடு நிறுத்திக்கொள்வதை நாம் ஏற்கவில்லை. எட்டேமுக்காலுக்கு இன்னொரு பேருந்து விடுவது போக்குவரத்துக் கழகத்தின் கையில். அதுவரை கல்லூரிகளின் கையிலும் ஒன்று உண்டு: முதல் மணியை ஒன்பதரையிலிருந்து பத்துக்குத் தள்ளிவைத்து மாலையில் அரைமணி கூட்டுவது. மாலைப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வருகின்றனர் என்னும் கணக்கு ஒவ்வொரு கல்லூரி அலுவலகத்திலும் சேர்க்கைப் படிவங்களிலேயே கிடக்கிறது. அதை ஊர்வாரியாகப் பிரித்து எழுதிப் பணிமனை மேலாளரிடம் கொடுக்க ஒரு வாரம் போதும்.