லாயல்டி குறைஞ்ச ஜெனரலைச் சாகடிக்கலாமா? ஒரு இழை

1/ மெடீவல் 2: டோட்டல் வார் ஆடுறவங்க நடுவுல ரொம்ப வருஷமா ஒரு அறிவுரை சுத்துது. "லாயல்டி குறைஞ்ச ஜெனரல் இருந்தா, தோக்கப்போற சண்டைக்குத் தனியா அனுப்பு. செத்தான்னா தொல்லை விட்டுச்சு." புதுசா ஆட வர்றவங்களுக்கும் இதையே பெரிய ராஜதந்திரம் மாதிரி சொல்லித் தர்றாங்க. ஆட்டமாப் பார்த்தாலும் தப்பு, வைத்தியமாப் பார்த்தாலும் தப்பு. ஏன்னு சொல்றேன்.

2/ ஆடாதவங்களுக்குச் சுருக்கமா: 2006ல வந்த கேம். 2022ல மொபைலுக்கும் வந்துடுச்சு. 1080ல தொடங்கி 1530 வரைக்கும் ஐரோப்பாவுல ஒரு ராஜ்ஜியத்தை நீங்க நடத்தணும். ஒவ்வொரு ஜெனரலுக்கும் சில குணங்களை எண்ணாவே காட்டும். அதுல ரெண்டு முக்கியம்: கமாண்ட், லாயல்டி.

3/ கமாண்ட்னா படை நடத்துற திறமை. நட்சத்திரமா இருக்கும், அதிகபட்சம் 10. நட்சத்திரம் கூடினா அவர் கீழே நிக்கிற படைக்குத் தைரியம் கூடும், சுலபத்துல சிதறி ஓடாது. இது சும்மா வராது. சண்டை போட்டு ஜெயிச்சு ஜெயிச்சுத்தான் வரும்.

4/ லாயல்டி ரொம்ப இறங்கிட்டா என்ன ஆகும்? ஒரு டர்ன் முடிச்சுட்டுப் பார்த்தா அந்த ஜெனரல் உங்க ஆளா இருக்க மாட்டார். கூட இருந்த படை, உட்கார்ந்திருந்த கோட்டை, எல்லாம் கலகக்காரங்க பக்கம். கோபம் வரத்தான் செய்யும். "துரோகி"ன்னு திட்டவும் தோணும்.

5/ ஆனா திட்டுறதுக்கு முன்னாடி உங்க ராஜாவோட பக்கத்தைத் திறந்து பாருங்க. அங்க லாயல்டியே இருக்காது. அந்த இடத்துல அத்தாரிட்டின்னு இருக்கும். அது குறைஞ்சா அவருக்குக் கீழே இருக்கிற ஜெனரல்களோட லாயல்டியும் குறையும். கேமை உருவாக்கினவங்க இதை ஒளிச்சு வைக்கல. நாமதான் ஜெனரல் முகத்தையே முறைச்சுப் பார்த்துட்டு, ராஜாவைப் பார்க்காம விட்டுடறோம்.

6/ ஒருத்தரோட சொந்த குணத்தாலயும் லாயல்டி குறையலாம், மறுக்கல. ஆனா ஒரே சமயத்துல நாலு ஜெனரலுக்குக் குறைஞ்சிருந்தா? ஒரே தெருவுல நாலு வீட்டுல வாந்தி பேதின்னா நாங்க நாலு பேரையும் திட்ட மாட்டோம். தண்ணித் தொட்டியைப் போய்ப் பார்ப்போம்.

7/ சரி, கொன்னாச்சு. அப்புறம்? அஞ்சு நட்சத்திரம் போச்சு. படையை இப்ப ஒரு கேப்டன் நடத்துறார், அவருக்கு நட்சத்திரமே கிடையாது. குடும்பத்துக்குள்ள புதுசா ஒருத்தர் தத்தெடுப்புலயோ கல்யாணத்துலயோ வருவார். அவரும் அதே அத்தாரிட்டி இல்லாத ராஜாவுக்குக் கீழதான் வேலை பார்க்கணும். இருபது டர்ன் கழிச்சு அவரையும் கொல்லுவீங்களா? தெர்மாமீட்டரை உடைச்சா காய்ச்சல் இறங்கிடாது.

8/ "நிஜ ராஜாக்களும் அப்படித்தானே செஞ்சாங்க"ன்னு ஒரு வாதம் வரும். வாங்க, கேம் காட்டுற அதே காலத்துக்கே போவோம். 1081. காஸ்டீல் ராஜா ஆறாம் அல்ஃபோன்ஸோ தன்னோட மிகச் சிறந்த தளபதி ரோட்ரிகோ தீயாஸை நாடு கடத்தினார். எல் சித்னு உலகம் சொல்றது அவரைத்தான். அவர் சரகோஸாவோட முஸ்லிம் மன்னர்கிட்ட வேலைக்குச் சேர்ந்தார்.

9/ 1086ல சக்ராஹாஸ்ல அல்மொராவித் படைகிட்ட அல்ஃபோன்ஸோ படுதோல்வி. அதுக்கப்புறம்தான் எல் சித்தைத் திரும்பக் கூப்பிட்டார். உறவு மறுபடியும் முறிஞ்சது. 1094ல எல் சித் வலென்சியாவைப் பிடிச்சு, 1099ல சாகிற வரைக்கும் தானே ஆண்டார். அந்தத் திறமையோட முழுப் பலனும் ராஜாவுக்குக் கிடைக்காமலே போச்சு.

10/ பயமுறுத்தினா விசுவாசம் வருமா? 1485, பாஸ்வொர்த். இங்கிலாந்து ராஜா மூன்றாம் ரிச்சர்டுக்கு ஸ்டான்லி குடும்பத்து மேல சந்தேகம். தாமஸ் ஸ்டான்லியோட மகனைப் பணயமாப் பிடிச்சு வெச்சார். சண்டையில தாமஸோட தம்பி வில்லியம் ஸ்டான்லியோட படை எதிரி பக்கம் சேர்ந்து இறங்குச்சு. பையன் உயிரோட தப்பிச்சான். ராஜாதான் செத்தார்.

11/ அப்ப கையைக் கட்டிட்டு இருக்கணுமா? இல்ல. ஜெனரல் எல்லைக் கோட்டையில முழுப் படையோட இருக்கார், லாயல்டி அடிமட்டத்துல இருக்குன்னா உடனே படையைப் பிரிச்சு வேற ஆள்கிட்ட கொடுங்க. அவர்கூட மெய்க்காவல் படை மட்டும் இருக்கட்டும். நடு நாட்டுல, நல்ல காவல் படை இருக்கிற ஊர்ப் பக்கம் கொண்டு வந்து வையுங்க. அப்படியே கலகம் செஞ்சாலும் சேதம் கொஞ்சம்தான். இது முதலுதவி.

12/ சிகிச்சை ராஜாவுக்குத்தான். பத்திரமா அரண்மனையில ஒளிச்சு வைக்காதீங்க. ஜெயிக்கக்கூடிய சண்டைக்கு அவரையே கூட்டிட்டுப் போங்க. வாரிசு ஆகப் போறவரையும் இப்பவே களத்துல வளர்த்து எடுங்க. ராஜா மாறுற நேரத்துல அத்தாரிட்டி இல்லாத ஆள் உட்கார்ந்தா, மொத்த வரைபடமும் ஆட்டம் காணும்.

13/ "வெறும் கேம்தானே டாக்டர், ஏன் இவ்வளவு சூடு?" இதே பழக்கத்தை நான் வார்டுலயும் பார்க்கிறேன். ராத்திரி மூணு மணிக்கு "சார், இந்த டோஸ் ஜாஸ்தியா இருக்கு"ன்னு போன் பண்ற ஹவுஸ் சர்ஜனை "திமிர் பிடிச்சவன்"னு நினைக்கிற சீனியர்கள் உண்டு. அந்தப் பையன் அடுத்த தடவை போன் பண்ண மாட்டான். அதுக்கு விலை கொடுக்கிறது சீனியர் இல்ல, பெட்ல படுத்திருக்கிற நோயாளி.

14/ ஆபீஸ், கட்சி, சங்கம், எங்க வேணா பாருங்க. திறமைசாலி ஒருத்தர் விலகிப் போனா முதல் கேள்வி "அவனுக்கு விசுவாசம் இருந்துச்சா?"ன்னுதான் வருது. மேல இருக்கிறவரோட பக்கத்தை யாரும் திறக்கிறதே இல்ல.

15/ இன்னைக்கு உங்க சேவ் ஃபைலைத் திறந்தா, ஜெனரலைச் சாக அனுப்புறதுக்கு முன்னாடி ராஜாவோட அத்தாரிட்டி எவ்வளவுன்னு பார்த்துட்டு வந்து கமெண்ட்ல போடுங்க. மூணுக்குக் கீழ இருந்தா, எதைச் சரி பண்ணணும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.